கடல் தொட்டால் மட்டும் ஒளிர்கிறதா, தொடாமலே ஒளிர்கிறதா?

கேள்வி இது: "‘லைஃப் ஆஃப் பை’ படத்திலும் ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்திலும் ராத்திரியில் தண்ணீர் நீலமாக ஒளிர்கிறதே, அது நிஜமா, வெறும் கிராஃபிக்ஸா? 2019-ல் சென்னைக் கடற்கரையில் வந்ததும் அதேதானா? அதில் காலை நனைத்தால் ஆபத்தா? எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்த இறால் ஒருநாள் இருட்டில் மினுங்கியது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஒளிர்வது நிஜம். படத்தில் தெரிகிற அளவுக்குப் பளிச்சென்று ஒளிர்வது கிராஃபிக்ஸின் உபயம். சென்னையில் வந்ததும் இதே சமாச்சாரம்தான். பெரும்பாலானவர்கள் பயமில்லாமல் காலை நனைக்கலாம். இறால் கொஞ்சம் வேறு கதை, அது கடைசியில்.

2019 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரைக்கும் பல இடங்களில் அலை உடைகிற வரிசை மட்டும் நீலமாக எரிந்தது. மறுநாள் காலைக்குள் எல்லார் வாட்ஸ்அப்பிலும் அந்த வீடியோ. எடிட் செய்தது என்று ஒதுக்கியவர்களும் உண்டு. அந்த வீடியோக்களை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். கடல் முழுக்க ஒளிராது. அலை மடிந்து உடையும் இடம், நுரை ஓடி வரும் விளிம்பு, ஈர மணலில் யாரோ கால் வைத்த தடம், இவ்வளவுதான் ஒளிரும். பின்னால் இருக்கிற கடல் கருப்பாகவே கிடக்கும். இந்த விஷயத்தில் முக்கியமான தடயமே இதுதான்.

அன்றைக்கு ஒளிர்ந்தது நாக்டிலூகா சிண்டிலன்ஸ் என்கிற ஒற்றைச் செல் உயிர். டைனோஃபிளாஜெல்லேட் என்ற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே ஒரு செல்தான், ஆனாலும் 0.2 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை வளரும். அதனால் மைக்ரோஸ்கோப் இல்லாமலே தெரியும். நிறைய இருக்கிற நாளில் ஒரு கண்ணாடி டம்ளரில் கடல் தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வெந்த ஜவ்வரிசியைப் பொடிப்பொடியாக்கிக் கலந்ததுபோல உருண்டைகள் மேலாக மிதக்கும். ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு பக்கம் சின்னப் பள்ளம், அதிலிருந்து வால் மாதிரி ஒரு இழை. உள்ளே பெரும்பகுதி வெறும் திரவப் பை. அந்தப் பையில் அம்மோனியத்தைச் சேர்த்து வைத்திருப்பதால்தான் அது மூழ்காமல் மிதக்கிறது. இந்த அம்மோனியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபத்தைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

டம்ளரை இருட்டறைக்கு எடுத்துப் போய்ச் சும்மா வைத்தால் ஒன்றும் நடக்காது. விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினால் உடனே நீலப் புள்ளிகள் வெடித்து அணையும். தட்டுகிற அதிர்வில் செல்லின் மேல்சவ்வு லேசாக அமுங்குகிறது. அங்கே ஒரு மின் துடிப்பு கிளம்பி, திரவப் பையைச் சுற்றியிருக்கும் சவ்வின் வழியே ஓடுகிறது. பைக்குள் இருப்பது அமிலத்தன்மை உள்ள திரவம். துடிப்பு ஓடும்போது அங்கிருந்து புரோட்டான்கள் சிண்டில்லான் என்ற குட்டிக் குமிழ்களுக்குள் பாய்கின்றன. அதுவரை கிட்டத்தட்ட 8 ஆக இருந்த பி.ஹெச். அந்தக் குமிழ்களில் 6 பக்கம் இறங்கியதும் லூசிஃபெரேஸ் என்கிற நொதி விழித்துக்கொள்கிறது. லூசிஃபெரின் என்ற பொருளை அது ஆக்சிஜனோடு சேர்க்கும்போது வெளிச்சம் வருகிறது. இத்தனையும் முடிந்து அணைய ஒரு நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். நமக்கு ஒரு மினுக்கு மட்டும்தான் தெரியும். ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே அலையில் அடிபடுவதால்தான் அது நீளமான கோடாகத் தெரிகிறது.

நிறம் நீலமாக இருப்பதும் தற்செயல் இல்லை. கடல் தண்ணீரில் சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும், நீலம்தான் தூரம் போகும். கடல் உயிர்களின் கண்களும் பெரும்பாலும் அந்த நிறத்துக்கே பழகியவை. இந்த ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 470 நானோமீட்டர்.

இனி படங்களுக்கு வருவோம். ஆங் லீ 2012-ல் எடுத்த ‘லைஃப் ஆஃப் பை’ படத்தில், கதாநாயகன் பை தண்ணீருக்குள் கையை விட்டு அளையும்போது கை போகிற வழியெல்லாம் ஒளி கிளம்புகிறது. அது அப்படியே சரி. திமிங்கலம் எழும்பும்போது அதன் உடம்பிலிருந்து வழிகிற தண்ணீர் ஒளிர்வதும் கொள்கையளவில் சரிதான், அத்தனை பெரிய உடம்பு கலக்கினால் ஒளிராமல் என்ன செய்யும்? யாரும் தொடாமலே ஜெல்லி மீன்கள் விளக்குப்போல நின்று எரிவதும், கடலின் ஆழம் முழுக்க வெளிச்சமாகத் தெரிவதும்தான் சினிமா. ஒளிரும் ஜெல்லி மீன்களில் பெரும்பாலானவையும் சீண்டினால்தான் ஒளிரும்.

ஜேம்ஸ் கேமரூனின் ‘அவதார்’ படத்தில் வருவது கடல் இல்லை, காடு. ஆனால் அங்கே கால் வைத்த இடம் ஒளிர்ந்து, காலை எடுத்ததும் அணைகிறதே, அது ஒளிரும் கடற்கரையில் நடந்தவர்களுக்குப் பழகிய காட்சி. கேமரூன் ஆழ்கடல் பைத்தியம். 2012 மார்ச்சில் மரியானா அகழியின் அடிவரைக்கும் தனி ஆளாகப் போய் வந்தவர். அந்தக் காட்டுக்கான யோசனைகள் கடலிலிருந்து வந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

‘கும்பளங்கி நைட்ஸ்’ இவை எல்லாவற்றையும் விட நேர்மையானது என்பது என் கட்சி. கொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற கும்பளங்கியின் காயல்களில் கோடைகாலத்தில் உப்பு ஏறும்போது இரவில் தண்ணீர் ஒளிர்வது உண்டு. அங்கே அதைக் கவரு என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது செய்தியே இல்லை. படம் 2019 பிப்ரவரியில் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் ராத்திரி வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். படத்திலும் கலக்கினால்தான் ஒளிர்கிறது. பிரகாசத்தைக் கூட்டியிருக்கிறார்கள், நடத்தையை மாற்றவில்லை.

பிரகாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நேரில் போனவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான். கேமரா பல நொடிகள் ஷட்டரைத் திறந்து வைத்து, அத்தனை மினுக்குகளையும் ஒரே படத்தில் சேர்த்துவிடும். நம் கண்ணால் அது முடியாது. போதாததற்கு, இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது. அதனால் சுமாரான நாளில் நேரில் பார்க்கும்போது அது வெளிறிய நீலமாகவோ, சாம்பல் கலந்த வெள்ளையாகவோதான் தெரியும். பார்க்கப் போகிறவர்கள் அமாவாசையை ஒட்டி, தெருவிளக்கு இல்லாத இடமாகப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். நடுவில் போனை எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. போனில் படம் எடுப்பதென்றால் நைட் மோடில் போட்டு, கையில் பிடிக்காமல் எதன் மேலாவது வைத்து எடுங்கள்.

தொட்டால் மட்டும் ஒளிர்வது ஒருவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. அப்போலோ 13-ன் தளபதி ஜிம் லவல், விண்வெளி வீரர் ஆவதற்கு முன் அமெரிக்கக் கடற்படை விமானி. 1950-களில் ஜப்பான் பக்கம் ஒரு இரவில் அவருடைய விமானத்தில் வழிகாட்டிக் கருவிகள் கைகொடுக்கவில்லை, உள்விளக்குகளும் அணைந்துவிட்டன. விளக்கு அணைந்ததால்தான் கீழே இருட்டுக் கடலில் நீளமாக ஒரு பச்சை ஒளித்தடம் அவர் கண்ணில் பட்டது. அது அவருடைய விமானம்தாங்கிக் கப்பல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன தடம். அதைப் பிடித்துக்கொண்டே போய் இறங்கினார். 1995-ல் வந்த ‘அப்போலோ 13’ படத்தில் இந்தக் கதையை அவர் பேட்டியாகச் சொல்கிற காட்சியே இருக்கிறது.

அப்படியென்றால் தொடாமலே ஒளிரும் கடல் கிடையவே கிடையாதா? உண்டு. அது வேறு ஆட்கள் வேலை. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னின் நாவலில் வரும் நாட்டிலஸ் நீர்மூழ்கி வங்காள விரிகுடாவின் வாயிலில் ஒரு பால்கடலுக்குள் போகிறது: அடிவானம் வரை வெள்ளை, வானம் அதற்கு முன் கருப்பு. கட்டுக்கதை என்று தோன்றும். ஆனால் மாலுமிகள் இதைப் பல காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1995 ஜனவரியில் லிமா என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சோமாலியாவுக்கு அப்பால் போகும்போது அதே மாதிரி வெள்ளைக் கடலைப் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்தது. பத்து ஆண்டு கழித்து ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தேதிக்கான செயற்கைக்கோள் படங்களைத் தோண்டி எடுத்தபோது, கப்பல் சொன்ன அதே இடத்தில் சுமார் 15,400 சதுர கிலோமீட்டர் பரப்பு ஒளிர்ந்துகொண்டிருந்தது. 2019-ல் ஜாவாவுக்குத் தெற்கே செயற்கைக்கோள் பிடித்தது இன்னும் பெரியது, ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதன் வழியே போன ஒரு பாய்மரப் படகுக்காரர்களும் பிறகு அதை உறுதி செய்தார்கள்.

இதற்குக் காரணம் ஒளிரும் பாக்டீரியா என்றுதான் கருதப்படுகிறது, முக்கியமாக விப்ரியோ வகை. தனியாக ஒன்றிரண்டு இருந்தால் இவை ஒளிராது. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கூட்டம் பெருகி அந்தப் பொருள் ஓர் அளவைத் தாண்டினால்தான் எல்லாம் சேர்ந்து ஒளிர ஆரம்பிக்கும். ஆரம்பித்த பிறகு மினுக்கு கிடையாது, அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக, ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். சீண்டினால் மினுங்கி அணைந்தால் டைனோஃபிளாஜெல்லேட் என்று சந்தேகப்படுங்கள். சும்மா இருக்கும்போதே நிதானமாக ஒளிர்ந்தால் பாக்டீரியா. இறாலுக்கு வரும்போது இந்த விதி உதவும்.

எதற்காக ஒளிர்கிறது என்று கேட்காமல் விட முடியாது. ஒளிர்ந்தால் தன்னைத் தின்ன வருகிறவனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுப்பது ஆகாதா? இதற்கு இருக்கிற நல்ல விளக்கத்துக்குத் திருட்டு அலாரக் கருதுகோள் என்று பெயர். நாக்டிலூகாவைத் தின்ன வருவது கோபிபாட் மாதிரியான குட்டி உயிர்கள். அது தொட்டதும் வெளிச்சம் வந்தால், அந்தக் குட்டி உயிரைத் தின்னக் காத்திருக்கும் மீனுக்கு அது இருக்கும் இடம் தெரிந்துபோகும். எடித் விடர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்த யோசனையைத் தலைகீழாகப் பிடித்தார். ஆழ்கடல் ஜெல்லி மீன் ஒன்று ஆபத்தில் போடும் நீல வெளிச்சச் சக்கரத்தைப் போலவே எல்.இ.டி.யில் ஒரு பொம்மை செய்து கேமராவோடு இறக்கினார். ஜெல்லியைக் கடிக்க வந்தவனைத் தின்ன யாராவது பெரியவர் வருவார் என்பது கணக்கு. 2012-ல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அப்பால் வந்தது ராட்சதக் கணவாய். அதன் வசிப்பிடத்திலேயே உயிரோடு வீடியோவில் அது முதல்முறையாகப் பிடிபட்டது அந்தப் பயணத்தில்தான்.

இது ஏதோ அபூர்வமான நாலைந்து உயிர்களின் வித்தை என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடா ஆய்வு நிறுவனத்தார் 17 ஆண்டு கால வீடியோக்களை எண்ணிப் பார்த்து 2017-ல் வெளியிட்ட கணக்கில், அங்கே கடல் நீரில் மேலிருந்து ஆழம் வரை பார்த்த விலங்குகளில் 76 சதவீதம் ஒளிரக் கூடியவை.

சரி, ஆபத்துக்கு வருவோம். நாக்டிலூகா மனிதனுக்கு விஷம் வைக்கிற பாசி இல்லை. அடர்த்தியாக இருக்கும் நாளில் சிலருக்குத் தோல் அரிக்கலாம். குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், வீட்டுக்குப் போய் நல்ல தண்ணீரில் கழுவிவிடலாம். உண்மையில் அதைவிட, ராத்திரியில் நீலத்தைப் பார்த்துக்கொண்டே கடலுக்குள் இறங்குகிறவர்களை அலை இழுத்துக்கொண்டு போவதுதான் எனக்குப் பயம்.

மீனுக்குத்தான் கஷ்டம். அதுவும் ராத்திரி நீலம் அடையாளமில்லை, பகலில் தெரியும் பச்சைதான் அடையாளம். நாக்டிலூகாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று தானே வேட்டையாடித் தின்று வாழ்வது, கூட்டமாகச் சேர்ந்தால் கடல் செம்மண் கரைத்த நிறமாகும். நம் வெப்பக் கடல்களில் வருகிற இன்னொன்று, தன் திரவப் பைக்குள் ஆயிரக்கணக்கில் குட்டிப் பச்சைப் பாசிகளைக் குடிவைத்திருக்கும். அவை வெயிலில் சமைப்பதை இது சாப்பிடும், அதோடு வேட்டையும் ஆடும். அதனால் பட்டினி என்பதே அதிகம் தெரியாமல் பெருகிவிடும்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது இதைத்தான். சென்னையில் எல்லாரும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததற்கு அடுத்த மாதம், அதாவது 2019 செப்டம்பரில், மன்னார் வளைகுடாவில் கடல் பச்சைப் பசேலென்று ஆகி, மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். செல்கள் உடைந்தால் உள்ளே இருந்த அம்மோனியமும் வெளியே கொட்டும். மீனாவது விலகி ஓடப் பார்க்கும், பவளம் எங்கே ஓடும்? தூத்துக்குடியில் இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அப்போது சிங்கில் தீவைச் சுற்றி அளந்ததில், ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. அங்கே பவளங்கள் செத்தன, அதிலும் கிளைவிட்டு வேகமாக வளரும் வகைகள்தான் அதிகம் அடிபட்டன. 2008 அக்டோபரிலும் இதே வளைகுடாவில் இப்படி நடந்திருக்கிறது.

சென்னையில் ஒருநாள் ஒளிர்ந்ததை வைத்துப் ‘பருவநிலை மாற்றத்தின் எச்சரிக்கை மணி’ என்று எழுதினால் எனக்கு ஒப்புதல் இல்லை. கவரு தலைமுறை தலைமுறையாக வருகிற ஒன்று. ஒரு இரவைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஆனால் அரபிக்கடலில் நடப்பது வேறு. அங்கே குளிர்காலத்தில் டயாட்டம் என்ற நல்ல மீன்தீனிப் பாசி பெருகுவதுதான் வழக்கமாக இருந்தது. 2000-க்குப் பிறகு அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூகா பிடித்துக்கொண்டு வருவதை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். இமயமலைப் பக்கம் பனி குறைந்து, அங்கிருந்து வரும் குளிர்காற்று சூடேறி, கடல் முன்போலக் கலங்காமல் போவதை ஒரு காரணமாகக் காட்டுகிறார்கள். நாக்டிலூகாவை விரும்பித் தின்ன மீன் அதிகம் வராது, ஜெல்லி மீனும், சால்ப் என்கிற கூழ்போன்ற உயிரும்தான் வரும். ஜெல்லி மீன் வலையில் ஏறினால் என்ன பாடு என்பதை எந்த மீனவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் இன்னொன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலர் இதையும் அதையும் குழப்பிக்கொள்கிறார்கள். கொளத்தூர் மாதிரி வண்ணமீன் கடைகளில் பச்சை, ஆரஞ்சு, ரோஸ் நிறத்தில் கண்ணைப் பறிக்கிற குட்டி மீன்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் மரபணு மாற்றிய வகைகளின் நிறம் ஜெல்லி மீனிலிருந்தும் பவளத்திலிருந்தும் எடுத்த மரபணுவால் வந்தது. ஆனால் அவை தானாக ஒளிர்வதில்லை. தொட்டியில் மாட்டியிருக்கும் நீல விளக்கை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தருகின்றன. விளக்கை அணைத்தால் அவ்வளவுதான், வெறும் மீன்.

இதன் மூலக்கதை ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. 1961-ல் அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பரில் ஜெல்லி மீன்களை வலையில் அள்ளி, ஓரத்து வளையத்தை வெட்டி, துணியில் பிழிந்து, ஒளிரும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. ஒருநாள் சோதித்து முடித்த சாற்றை ஸிங்க்கில் கொட்டினார், ஸிங்க் பளீரென்று நீலமாக எரிந்தது. மீன் தொட்டியிலிருந்து வழிந்த கடல் தண்ணீர் அந்த ஸிங்க்கில்தான் விழுந்துகொண்டிருந்தது. கடல் தண்ணீரில் இருக்கும் கால்சியம்தான் சாவி என்று பிடித்துவிட்டார். அந்த நீலப் பொருளோடு கூடவே கிடைத்த பச்சைப் புரதம்தான் இன்று செல்லுக்குள் எது எங்கே நடக்கிறது என்று பார்க்க உலகம் முழுக்க ஆய்வகங்களில் பயன்படுகிறது. 2008-ல் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோரோடு அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஆனால் அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்த டக்ளஸ் பிராஷர், ஆய்வுக்குப் பணம் கிடைக்காமல் ஒதுங்கி, பரிசு அறிவித்த சமயத்தில் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இனி உங்கள் இறால். ஃப்ரிட்ஜில் சும்மா கிடந்தபோதே ஒளிர்ந்தது என்கிறீர்கள். யாரும் தட்டவில்லை. அப்படியென்றால் பாக்டீரியா. பெரும்பாலும் ஃபோட்டோபாக்டீரியம் பாஸ்போரியம் அல்லது அதன் உறவுக்காரன். கடல் மீன், இறால், நண்டு மேலெல்லாம் இயல்பாகவே இருப்பது. உப்பும் பிடிக்கும், ஃப்ரிட்ஜின் குளிரும் அதற்கு ஒத்துக்கொள்ளும். மற்ற பாக்டீரியாக்கள் குளிரில் முடங்கிக் கிடக்கும்போது இது பெருகி, கூட்டம் சேர்ந்ததும் ஒளிர ஆரம்பிக்கும். இதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ராபர்ட் பாயில் 1660-களிலேயே ஒளிரும் மீனைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தபோது வெளிச்சம் மங்கியதையும், காற்றைத் திரும்ப விட்டதும் மீண்டதையும் எழுதி வைத்திருக்கிறார். இறால் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவர்களுக்கு இந்த வெளிச்சம் வேடிக்கை இல்லை. அங்கே தொட்டியில் குஞ்சுகள் ராத்திரி ஒளிர்ந்தால் விப்ரியோ ஹார்வேயி நோய் வந்துவிட்டது என்று அர்த்தம், தொட்டியில் இருக்கிற அத்தனை குஞ்சும் போய்விடலாம்.

உங்கள் சமையலறையில் அவ்வளவு கவலை வேண்டாம். ஒளிரும் பாக்டீரியா வழக்கமாக வயிற்றைக் கெடுக்கிற வகை இல்லை, நன்றாக வேகவைத்தால் செத்தும் போகும். ஆனால் ஒளிர்கிற அளவுக்கு அது பெருக நேரம் கிடைத்திருக்கிறது என்றால், கூட வேறு எதுவும் பெருகியிருக்கலாம். மோந்து பாருங்கள். அம்மோனியா வாடை வந்தாலோ, ஓடு வழவழத்துத் தலை தானாகக் கழன்றாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். வாடை இல்லை, சதை இறுக்கமாக இருக்கிறது என்றால் கழுவி, முழுக்க வேகவைத்துச் சாப்பிடலாம். சமைத்த பிறகு ஒளிர்ந்தால் மட்டும் சாப்பிட வேண்டாம். பச்சை இறால் வைத்த தட்டிலோ பலகையிலோ சமைத்ததை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.